எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

பாரிமுனையின் பழைய கட்டடங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது ‘கறுப்பர் பட்டணம்’ என்ற சொல்லைப் போகிறபோக்கில் பயன்படுத்தியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள் மேசையில் குவிந்துவிட்டன. எழுதியவர்கள் வெவ்வேறு பேட்டைக்காரர்கள் என்றாலும், மனிதரை நிறத்தாலும் பிறப்பாலும் பிரித்து வைத்த ஏற்பாடு கட்டடத்திலும் தெருவிலும் என்ன அடையாளத்தை விட்டுச் சென்றிருக்கிறது என்பதையே பெரும்பாலோர் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த மாதப் பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: கறுப்பர் பட்டணம் என்பது ஜனங்கள் வாய்ப்பேச்சில் சொன்ன பெயரா, ஆட்சியாளர் வைத்த பெயரா? ஊரை எப்படிப் பிரித்தார்கள், வேலி போட்டா? (வாசகர், மண்ணடி)

பதில்: ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பெனியின் ஆவணங்களிலும் வரைபடங்களிலும் எழுதப்பட்ட பெயர்தான் அது. 1639-இல் இந்தக் கடற்கரை மணல் கும்பெனியின் கைக்கு வந்து, மறு ஆண்டு கோட்டை எழும்பத் தொடங்கியதும், கோட்டையைச் சுற்றி ஐரோப்பியர் வீடுகளும், அவற்றுக்கு வடக்கே வணிகர், துபாஷி எனப்பட்ட மொழிபெயர்ப்பாளர், நெசவாளர், கூலியாள் என்று இந்நாட்டவர் குடியிருந்த வீதிகளும் உருவாயின. தொடக்கத்தில் உட்பகுதிக்குக் ‘கிறிஸ்தவப் பட்டணம்’ என்ற பெயரும் வழங்கியது. போர்ச்சுகீசியரும் ஆர்மீனியரும் அங்கே வீடு வைத்திருந்தார்கள். காலப்போக்கில் மதத்தின் பெயர் பின்னுக்குப் போய் நிறத்தின் பெயர் நிலைத்தது: உள்ளே வெள்ளையர் பட்டணம், வெளியே கறுப்பர் பட்டணம். ஒரு நகரத்தை நிறத்தின் பெயரால் இரண்டாக எழுதி வைத்த ஊர்களில் உலகிலேயே மிகப் பழையவற்றுள் நம் ஊரும் ஒன்று. பாடப் புத்தகங்கள் சொல்லும் மதராஸின் ‘முதன்முதல்’ பட்டியலில் இதை யாரும் சேர்ப்பதில்லை.

வேலி போட்டா என்று கேட்டீர்கள். சுவரும் இருந்தது, ஆனால் இங்கே அதிகம் வேலை செய்தது வெற்று நிலம். பழைய கறுப்பர் பட்டணம் இன்றைய உயர் நீதிமன்ற வளாகம் இருக்கும் இடத்தில், கோட்டைக்கு மிக நெருக்கமாக இருந்தது. 1746-இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள், எதிரி பதுங்கிக்கொள்ள இடம் இருக்கக்கூடாது என்று மதிலை ஒட்டியிருந்த வீடுகளை இடித்தார்கள். 1749-இல் ஊரைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர் அதே யோசனையைக் கையில் எடுத்து, அடுத்த சில ஆண்டுகளில் மிச்சத்தையும் இடித்து, பீரங்கிக் குண்டு தடையில்லாமல் பாய்வதற்கு ஒரு மைதானத்தை உண்டாக்கினார்கள். நம் தாத்தாக்கள் எஸ்பிளனேடு என்று சொன்னது அதைத்தான். குடியிருந்தவர்கள் வடக்கே முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் தள்ளிப்போனார்கள். அந்த எல்லையைத் தாண்டித் தெற்கே யாரும் வீடு கட்டக்கூடாது என்று காட்டுவதற்காக 1773 ஜனவரி முதல் தேதி ஆறு கல்தூண்கள் நடப்பட்டன. போர்க் காரணம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் காரணத்துக்காகத் தட்டுமுட்டுச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் எந்தப் பட்டணத்துக்காரர்கள் என்பதையும் சேர்த்துத்தானே பார்க்க வேண்டும்? அதே சமயத்தில், பிரெஞ்சுக்காரருக்கு அனுசரணையானவர்கள் என்ற சந்தேகத்தின் பேரில் ரோமன் கத்தோலிக்கரும் ஆர்மீனியரும் வெள்ளையர் பட்டணத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். ஆர்மீனியரின் பெயர் சொல்லும் தெரு இன்றும் நம் பக்கத்தில்தான் இருக்கிறது; ஆர்மீனியன் என்பது வாயில் நுழையாமல் நம்மவர்கள் அதை அரண்மனைக்காரன் தெரு ஆக்கிவிட்டார்கள்.

சுவர் தனிக் கதை. 1767-லும் 1769-லும் ஹைதர் அலியின் படைகள் ஊர் வாசல்வரை வந்துபோன பிறகு, புதிய கறுப்பர் பட்டணத்தின் வடக்கிலும் மேற்கிலும் கனத்த மதில் எழுந்தது. செலவைக் குடியிருப்பவர்களிடமே வரியாக வாங்கலாம் என்று திட்டமிட்டார்கள். வரி வசூலாகவில்லை, வால்டாக்ஸ் ரோடு என்ற பெயர் மட்டும் நின்றுபோனது.

கறுப்பர் பட்டணம் என்றதும் குடிசைகளை மட்டும் நினைத்துவிடக் கூடாது. தம்பு செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, பவழக்காரத் தெரு ஆகியவை கும்பெனி வியாபாரத்தைத் தோளில் தாங்கிய பெருவணிகர்களின் வீதிகள். வீடுகள் ஒன்றோடொன்று சுவர் சேர்ந்து, முன்னால் திண்ணை, நடுவில் முற்றம், மேலே மரச்சட்டங்களின்மீது செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பு கொட்டிய மெட்ராஸ் டெரேஸ் தளம் என்று எழுந்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியர் கோட்டைக்குள் புழுங்குவதை விட்டு, தெற்கிலும் மேற்கிலும் ஏக்கர் கணக்கான தோட்டங்களின் நடுவே வீடு கட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு இடத்துச் சுவரிலும் ஏறியது ஒரே சுண்ணாம்புப் பூச்சுத்தான். வேறுபட்டது சுவருக்கும் அடுத்த வீட்டுச் சுவருக்கும் இடையே விடப்பட்ட நிலம். அந்த நில அளவுதான் பின்னாளில் மனை அளவாகி, சாலை அகலமாகி, மர நிழலாகி, இன்று தென் சென்னைக்கும் வட சென்னைக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பங்காக நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்தாம் ஜார்ஜின் பெயரால் கறுப்பர் பட்டணம் ஜார்ஜ் டவுன் ஆனது. பலகை மாறியது, தெருவின் அகலம் மாறவில்லை.

கேள்வி: ஏழுகிணறு என்று எங்கள் பகுதிக்குப் பெயர். கிணறு யாருக்காக வெட்டப்பட்டது? (வாசகி, ஏழுகிணறு)

பதில்: கோட்டைக்காக. 1772-இல் வகுத்த திட்டத்தின்படி, கறுப்பர் பட்டணத்தின் வடக்கு ஓரத்தில் வெட்டிய கிணறுகளிலிருந்து குழாய் மூலம் கோட்டைக்குத் தண்ணீர் போனது. ஊற்று எங்கள் பக்கம், குழாயின் வாய் அந்தப் பக்கம். தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நின்ற தலைமுறைக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியிராது.

கேள்வி: நாங்கள் வாடகைக்கு இருக்கும் பழைய மாடி வீட்டின் பின்புறம் ஓர் இரும்புச் சுருள் படி, குளியலறை ஓரத்தில் உள்ள சிறு கதவில் போய் முடிகிறது. கதவுக்குப் பூட்டுப் போட்டு எத்தனையோ காலம் ஆகிறது. திருடன் வருவதற்கென்றே கட்டியதுபோல் இருக்கிறதே, ஏன் இப்படி? (வாசகி, பெரம்பூர்)

பதில்: அம்மா, அது எடுப்புக் கக்கூஸ் காலத்துப் படி. மலத்தை அள்ள வருபவர் வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது, முன்வாசல் பக்கம் கண்ணில் படவும் கூடாது. ஆனால் நாள்தோறும் வந்தே ஆக வேண்டும். இந்த மூன்றையும் ஒருசேரச் சாதிக்க ஒருவர் வரைந்த விடை அந்தச் சுருள் படி. வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களாக்களிலும், அதைப் பார்த்துக் கட்டிய நம்மவர் வீடுகளிலும் இது உண்டு. வீட்டு வரிசைகளின் முதுகுகளுக்கு நடுவே ஓடும் குறுகிய பின்சந்துகள் தெரு அளவில் இதே வேலையைச் செய்தன. முப்பத்திரண்டு ஆண்டுகள் கட்டட வரைவாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு வீட்டின் முகப்புப் படத்தைப் பார்த்தால் அதன் சொந்தக்காரர் தம்மை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பினார் என்பது தெரியும், தரைப் படத்தில் வேலைக்காரர் நடக்கும் வழியைக் குறித்துப் பார்த்தால் மற்றவரை எப்படி நடத்தினார் என்பது தெரியும். மலம் அள்ள ஆள் வைப்பதையும் எடுப்புக் கழிப்பறை கட்டுவதையும் தடைசெய்யும் சட்டம் இந்தியாவில் 1993-இல்தான் வந்தது. அதற்குள் எத்தனை ஆயிரம் படிகள் வார்க்கப்பட்டிருக்கும்!

உலகின் மற்ற இடங்களிலும் கட்டடக் கலை இந்த உத்திகளைக் கையாண்டிருக்கிறது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ரயில் நிலையங்களில் இரண்டு காத்திருப்பு அறைகள், இரண்டு தண்ணீர்க் குழாய்கள். திரையரங்குகளில் கறுப்பினத்தவருக்குத் தெருவிலிருந்து தனிப் படி, அது நேராக மேல் மாடத்தில் கொண்டுபோய் விடும். ‘தனித்தனி, ஆனால் சமம்’ என்பதற்கு 1896-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்த பிறகு, ஒரு கட்டடத்தின் செலவில் கணிசமான பகுதி ஒன்றையே இரண்டாகக் கட்டுவதற்குப் போனது. 1941-க்கும் 1943-க்கும் இடையே வாஷிங்டனுக்கு அருகே வர்ஜீனியா மாநிலத்தில் எழுந்த பென்டகனில், மாநிலத்தின் பிரிவினைச் சட்டத்தை மனத்தில் வைத்து, தேவைக்கு இரண்டு மடங்கு கழிப்பறைகளை அமைத்துவிட்டார்கள். பிரித்துப் பயன்படுத்தும் ஏற்பாடு நடைமுறைக்கு வரவில்லை, கழிப்பறைகள் மட்டும் மிஞ்சின. தென் ஆப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கிலோ, வெள்ளையர் மட்டும் குடியிருக்கலாம் என்று வைத்த அடுக்கு மாடிகளின் மொட்டை மாடியில் கறுப்பின வேலைக்காரர்களுக்கு அறைகள் கட்டினார்கள். காலையில் காப்பி போட ஆள் வேண்டும், அண்டை வீட்டுக்காரராக மட்டும் ஆள் வேண்டாம்.

இந்த இடத்தில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக் கட்டடக் கலைஞர் பால் வில்லியம்ஸை (1894–1980) நினைக்காமல் இருக்க முடியாது. கறுப்பினத்தவரான அவர் திரைப்பட நட்சத்திரங்களுக்கும் பெரும் பணக்காரர்களுக்கும் மாளிகைகள் வரைந்தவர். வெள்ளைக்கார வாடிக்கையாளர்கள் தம் பக்கத்தில் உட்காரக் கூசுவார்கள் என்று தெரிந்து, மேசைக்கு எதிர்ப்புறம் அமர்ந்திருப்பவருக்கு நேராகத் தெரியும்படி தலைகீழாகப் படம் வரையப் பழகிக்கொண்டார். அவர் வரைந்த வீடுகள் நின்ற தெருக்கள் பலவற்றில், அவர் நிறத்துக்காரருக்கு மனை விற்கக்கூடாது என்று பத்திரத்திலேயே எழுதியிருந்தது. டி-ஸ்கொயர் என்ற வரைகோல் பிடித்த கை என்பதால் சொல்கிறேன், ஒரு மாடிப்படியைத் தலைகீழாக வரைந்து பாருங்கள். அந்த மனிதர் எவ்வளவு காலம் பழகியிருக்க வேண்டும் என்பது விரலுக்குத் தெரியும்.

கேள்வி: வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்திருந்தேன். சம்பளச் சான்று, பத்திரம் எல்லாம் சரியாக இருந்தும், “உங்கள் ஏரியா நெகட்டிவ் லிஸ்டில் இருக்கிறது சார்” என்று அந்த நிறுவனத்தின் பையன் தொலைபேசியில் சொல்லிவிட்டான். அமெரிக்காவில் வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டார்கள் என்று படித்தேன். இதுவும் அதுவும் ஒன்றா? (வாசகர், தண்டையார்பேட்டை)

பதில்: முதலில் அதைச் சொல்கிறேன், பிறகு இதற்கு வருகிறேன். 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் வீட்டுக் கடன் கட்ட முடியாமல் தவித்தவர்களைக் கைதூக்கி விட அமெரிக்க மைய அரசு 1933-இல் ஒரு நிறுவனத்தை அமைத்தது. இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களின் பேட்டைகளை அது நான்கு தரமாகப் பிரித்து வரைபடம் போட்டது: பச்சை முதல் தரம், நீலம் இரண்டாவது, மஞ்சள் மூன்றாவது, சிவப்பு ‘ஆபத்தானது’. தரம் குறைத்ததற்கான காரணங்களில் வீடுகளின் வயதும் கட்டுமானமும் மட்டுமன்றி, அங்கே கறுப்பினத்தவரோ குடியேறிகளோ இருக்கிறார்கள் என்பதும் படிவத்தில் கூச்சமில்லாமல் எழுதப்பட்டது. 1934-இல் வந்த வீட்டுவசதி நிர்வாகம் கடன்களுக்கு அரசு உத்தரவாதம் கொடுத்தது. அதன் கையேடு, இனம் கலந்த பகுதிகளைத் தவிர்க்கச் சொன்னதோடு, வெள்ளையர் அல்லாதவருக்கு விற்பதில்லை என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் சேர்ப்பதையும் நல்ல பாதுகாப்பு என்று பரிந்துரைத்தது. 1947-இல் நியூயார்க்குக்கு அருகே ஆயிரக்கணக்கில் ஒரே அச்சில் வார்த்ததுபோல் எழுந்த லெவிட்டவுன் வீடுகளின் ஒப்பந்தத்திலும் அந்த நிபந்தனை இருந்தது.

இதன் உச்சம் டெட்ராய்ட் நகரில் இன்றும் நிற்கிறது. கறுப்பினத்தவர் குடியிருப்பை ஒட்டி ஒருவர் வெள்ளையருக்காக மனை போட்டார். பக்கத்தில் இன்னார் இருப்பதால் கடன் உத்தரவாதம் கிடைக்கவில்லை. 1941-இல் இரண்டுக்கும் நடுவே ஆறடி உயரத்தில் அரை மைல் நீளத்துக்கு ஒரு கான்கிரீட் சுவரை எழுப்பினார், உத்தரவாதம் வந்துவிட்டது. எகிறிக் குதிக்கக்கூடிய உயரம்தான். திருடனைத் தடுக்கவோ வெள்ளத்தைத் தடுக்கவோ அது கட்டப்படவில்லை. கோப்பில் இருந்த ஒரு கட்டத்தை நிரப்புவதற்காகக் கட்டப்பட்டது. இப்போது அதன்மீது பேட்டை மக்கள் ஓவியம் தீட்டியிருக்கிறார்கள்.

இத்தகைய பத்திர நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தக் கூடாது என்று 1948-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1968-இல் வீட்டுவசதிப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டமும் வந்தது. ஆனால் முப்பது ஆண்டுகள் கடன் கிடைக்காத பேட்டையில் கூரை ஒழுகும், கடை மூடும், மரம் நட ஆள் இருக்காது. 108 நகரப் பகுதிகளை எடுத்துக்கொண்ட 2020-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, அவற்றில் 94 விழுக்காட்டில், அந்தப் பழைய சிவப்புப் பகுதிகள் மற்றவற்றைவிட வெப்பம் மிகுந்தவையாக இருப்பதைக் கண்டது. எண்பது ஆண்டுக்கு முன் போட்ட வர்ணம் இன்று வெயிலாக இறங்குகிறது.

இனி உங்கள் கடன். அமெரிக்காவில் வரைபடத்தைப் போட்டது அரசு. காரணத்தை எழுதியும் வைத்தது. அதனால்தான் இன்று எடுத்துப் படிக்க முடிகிறது. இங்கே அரசு அப்படி ஒரு சிவப்புப் படம் போடவில்லை. பட்டா சிக்கல், புறம்போக்கு, வசூலில் தொல்லை என்று சொல்லப்படும் காரணங்களுக்கு வியாபார நியாயமும் இருக்கலாம். ஆனால் தனி மனிதரின் வரவு செலவைப் பார்க்காமல் பின்கோடைப் பார்த்துக் கோப்பை மூடுவது என்ற அளவில் இரண்டும் ஒரே பழக்கம்தான். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். கொடுக்கத் தயங்குவார்கள், கேட்பதை நிறுத்தாதீர்கள். எழுத்தில் வந்த காரணத்தோடு வேறொரு வங்கிக்குப் போகலாம், புகாரும் செய்யலாம்.

கேள்வி: என் பாட்டனாரின் சிறிய தகப்பனார் தென் ஆப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறிப் போனவர் என்று வீட்டில் சொல்வார்கள். அந்தக் கிளையினர் டர்பனில் சாட்ஸ்வொர்த் என்ற இடத்தில் இருக்கிறார்களாம். அங்கே இந்தியர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் சேர்ந்து வாழ்கிறார்கள் என்பது நம்மவர் ஒற்றுமையால்தானே? (வாசகர், காசிமேடு)

பதில்: அப்படி நினைத்துப் பெருமைப்பட்டுக்கொள்ள ஆசைதான். உண்மை வேறு. 1860 அக்டோபர் 12 அன்று ‘ட்ரூரோ’ என்ற கப்பல் நம் கடற்கரையிலிருந்து 342 பேரோடு கிளம்பி, நவம்பர் 16 அன்று டர்பனைச் சேர்ந்தது. அப்போது இங்கே துறைமுகமே கிடையாது. மசூலா என்ற கரையோரப் படகில் அலையைத் தாண்டிப் போய்த்தான் கப்பலேற வேண்டும். கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்த பிறகு அங்கேயே தங்கியவர்களில் பலர் டர்பனைச் சுற்றிய மேடு பள்ளங்களில் காய்கறி பயிரிட்டார்கள். கேட்டோ மேனர் அப்படி நம்மவர் நிலம் வாங்கி, தகர வீடும் கோயிலும் கட்டி வளர்த்த பகுதி. ஆப்பிரிக்கரும் அங்கே பெருமளவில் வாடகைக்கு இருந்தார்கள்.

1950-இல் இனவாரிப் பகுதிச் சட்டம் வந்தது. எந்த இனத்தார் எந்தப் பகுதியில் நிலம் வைத்திருக்கலாம், குடியிருக்கலாம் என்பதை அரசு வரைபடத்தில் குறித்துவிடும். மாறி இருப்பவர் கிளம்ப வேண்டும். ஆற்றையும் குன்றையும் ரயில் பாதையையும் தொழிற்பேட்டையையும் இனங்களுக்கு இடையே வேலியாகப் பயன்படுத்துவது இத்தகைய வரைபடங்களின் முறை. வேலைக்குப் போகும்போது ஓர் இனத்தார் மற்றவர் பகுதி வழியாக நடக்கும்படி நேரக்கூடாது என்பதுவரை யோசித்தார்கள். இந்த ஏற்பாட்டில் கேட்டோ மேனரிலிருந்து இந்தியர் தெற்கே சாட்ஸ்வொர்த்துக்கும், ஆப்பிரிக்கர் வடக்கே க்வாமாஷுவுக்கும் அனுப்பப்பட்டார்கள். வீடுகள் இடிபட்டன, கோயில்கள் சில நின்றன. மக்களைக் காலி செய்த நிலத்தின் பெரும்பகுதி பல ஆண்டுகள் புதர் மண்டிக் கிடந்தது. கேப் டவுனில் 1966-இல் வெள்ளையர் பகுதியாக அறிவித்து அறுபதாயிரம் பேரைக் காலி செய்த ஆறாம் வட்டாரத்தின் கதையும் ஏறக்குறைய இதேதான். அங்கே மசூதிகளும் தேவாலயங்களும் வெட்டவெளியில் தனியாக நின்றன. ஜோகன்னஸ்பர்க்கின் சோஃபியாடவுனை 1955 முதல் காலி செய்து, வெள்ளையருக்கு வீடு கட்டி, ‘வெற்றி’ என்று பொருள்படும் பெயரையும் சூட்டினார்கள். பழைய பெயர் 2006-இல்தான் திரும்பியது.

ஆப்பிரிக்கருக்கு ஒதுக்கிய இடங்களில் எழுந்த நான்கறை வீடு ஏறத்தாழ நாற்பது சதுர மீட்டர். நம் கணக்கில் 430 சதுர அடி. கழிப்பறை வெளியே. தீப்பெட்டி வீடு என்றே அங்கே பெயர். அரசுக் கட்டட ஆராய்ச்சியாளர்கள் செலவைக் காசு காசாகக் குறைத்து வரைந்த படம் அது. சிக்கனத்தில் குறையே சொல்ல முடியாது. குடியிருப்புக்குள் நுழைய ஒன்றிரண்டு சாலைகளே இருக்கும்படி விட்டார்கள். கலவரம் வந்தால் இரண்டு வண்டியை நிறுத்தி ஊரையே அடைத்துவிடலாம். சட்டம் 1991-இல் நீக்கப்பட்டது. உங்கள் உறவினர் இன்றும் சாட்ஸ்வொர்த்தில் இருப்பதற்கு, அறுபது ஆண்டுகளில் அங்கே எழுந்த பள்ளியும் கோயிலும் கடையும் அக்கம்பக்கமும் காரணமாக இருக்கும். முதலில் போனது யாருடைய விருப்பத்தால் என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வாங்கி வையுங்கள்.

கேள்வி: வியாசர்பாடிக்குள் வர ரயில் பாதைக்கு அடியில் சுரங்கப்பாதைதான் வழி. கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைத் தண்ணீர் நின்றால் ஊரைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். எங்களை ஒதுக்கி வைக்கவே இப்படித் திட்டமிட்டார்களா? (வாசகர், வியாசர்பாடி)

பதில்: இங்கே அப்படிச் சொல்லிவிட முடியாது. 1856-இல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது முதல், சரக்கும் ஆலையும் துறைமுகமும் கேட்ட வழியிலெல்லாம் தண்டவாளம் போட்டார்கள். தாழ்ந்த, மலிவான நிலம் இந்தப் பக்கம் இருந்தது. தண்டவாளத்துக்கு இடையே மிஞ்சிய நிலத்தில் உழைப்பவர்கள் குடியேறினார்கள். யாரையும் பிரிக்க வேண்டும் என்று யாரும் நினைத்திருக்க வேண்டியதில்லை; யாருக்கு வழி விட வேண்டும் என்று நினைக்காமல் இருந்ததே போதுமானதாக இருந்தது. “பேசின் பிரிட்ஜுக்கு அந்தப் பக்கமா வீடு?” என்று பெண் பார்க்க வந்த இடத்தில் கேட்டதை என் சொந்தக் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

அமெரிக்காவில் இதைத் தெரிந்தே செய்தார்கள். 1956-இல் நெடுஞ்சாலைச் சட்டம் வந்தபோது செலவில் 90 விழுக்காட்டை மைய அரசு ஏற்றது. நகரங்களுக்குள் சாலையை எந்த வழியாக விடுவது என்ற கேள்வி எழுந்த இடங்களில், முன்பே சிவப்பாகக் குறித்து விலை சரிந்திருந்த கறுப்பினப் பேட்டைகள் கைக்குச் சுலபமாகக் கிடைத்தன. செயின்ட் பால் நகரின் ரோண்டோ, மியாமியின் ஓவர்டவுன், டெட்ராய்ட்டின் பிளாக் பாட்டம் ஆகியவற்றின் கடைத்தெருக்கள் இப்படித்தான் சக்கரத்துக்கு அடியில் போயின.

கேள்வி: நிறம் நிறம் என்று அயல்நாட்டுக் கதையாகவே சொல்கிறீர்களே, நம் ஊர், சேரி? (வாசகர், புளியந்தோப்பு)

பதில்: குத்தலான கேள்வி, ஏற்றுக்கொள்கிறேன். கறுப்பர் பட்டணத்துக்கு உள்ளேயே பட்டணங்கள் இருந்தன. 1707-இல் ஊர்வலம் எந்தத் தெருவில் போகலாம் என்று வலங்கை, இடங்கை என்று அந்நாளில் இரண்டு அணியாகப் பிரிந்திருந்த சாதியாருக்குள் அடிதடி மூண்டபோது, கவர்னர் தாமஸ் பிட் பெத்தநாயக்கன்பேட்டையை வலங்கையாருக்கும் முத்தியால்பேட்டையை இடங்கையாருக்கும் என்று பிரித்துக் கொடுத்தார். இரண்டுக்கும் நடுவே அட்டப்பள்ளம் என்ற வடிகால் ஓடியது. பிற்பாடு அதைத் தூர்த்துப் போட்ட சாலைதான் பிராட்வே, இன்றைய பிரகாசம் சாலை. பஸ்ஸுக்கு நிற்கும் யாருக்கும் தாம் ஒரு சாதி எல்லைமீது நிற்பது தெரியாது. இவ்விரு கைக்கும் வெளியே, பறைச்சேரி என்று கும்பெனி ஆவணங்கள் தனியாகக் குறித்தன. அதையும் கும்பெனி கண்டுபிடிக்கவில்லை. ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளிலேயே பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனி நிலங்களாக எழுதப்பட்டிருக்கின்றன. சேரி என்பது ஒரு காலத்தில் குடியிருப்பு என்று மட்டுமே பொருள்பட்ட நல்ல சொல்.

நிறமும் சாதியும் ஒன்று என்று நான் சொல்லமாட்டேன். நிறப் பிரிவினை பெரும்பாலும் எழுதப்பட்ட சட்டத்தில் நின்றது. சட்டத்தை எடுத்தபோது ஒரு முடிவு தேதியாவது கிடைத்தது. சாதிப் பிரிவினைக்கு 1950-இல் அரசமைப்புச் சட்டம் தேதி குறித்த பிறகும் புதுச் சுவர் எழுந்தது. மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் தலித் மக்கள் வழியை மறித்த சுவர் 1989-இல் கட்டியது. ஒரு பகுதியை 2008 மே மாதத்தில்தான் இடித்தார்கள். மேட்டுப்பாளையத்துக்கு அருகே நடூரில் ஒரு வீட்டின் உயரமான சுற்றுச்சுவர் 2019 டிசம்பர் 2 விடியலில் மழையில் சரிந்து, கீழே ஓட்டு வீடுகளில் உறங்கிய 17 பேரைக் கொன்றது. டெட்ராய்ட் சுவர் ஆறடி. இது அதைவிட மிக உயரம்.

கேள்வி: சிங்கப்பூரில் என் மகன் வீடு வாங்கப் போனபோது, அந்தக் கட்டடத்தில் இந்தியருக்கான ஒதுக்கீடு முடிந்துவிட்டது என்றார்களாம். இதுவும் பாகுபாடுதானே? (வாசகி, கொளத்தூர்)

பதில்: நோக்கம் நேர்மாறானது. 1822-இல் ஆங்கிலேயர் போட்ட நகரத் திட்டம் ஐரோப்பியர், சீனர், தென்னிந்தியரான சூலியர் என்று அங்கே இனவாரியாகத் தெருக்களைப் பிரித்தது. 1989 முதல் அரசுக் குடியிருப்புகளில் ஒவ்வொரு கட்டடத்திலும் ஒவ்வோர் இனத்துக்கும் உச்ச வரம்பு வைத்து, ஒரே இனத்தார் ஒரே இடத்தில் குவியாமல் பார்த்துக்கொள்கிறார்கள். சிறுபான்மையினர் வீட்டை விற்கும்போது வாங்க ஆள் குறைவதால் விலையில் அடி விழுகிறது என்ற குறை அங்கே உண்டு, நியாயமான குறை. இருந்தாலும், ஒரே மின்தூக்கியில் மூன்று மொழி கேட்கும் கட்டடத்தை நான் குறை சொல்லத் தயாராக இல்லை.

கேள்வி: கட்டடக் கலை முதலாண்டு மாணவி. இவற்றில் எதையாவது நேரில் பார்த்து வரைய வேண்டும். எங்கே போகலாம்? (வாசகி, கொருக்குப்பேட்டை)

பதில்: ஞாயிற்றுக்கிழமை காலையில் போங்கள், வண்டித் தொல்லை குறைவு. பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரத்தில், நான் முதல் பதிலில் சொன்ன ஆறு தூண்களில் மிஞ்சிய ஒன்று நிற்கிறது. நடைபாதைக்காரர்களிடம் கேட்டால் தெரியாது என்பார்கள், நீங்களே தேடிக் கண்டுபிடியுங்கள். அங்கே நின்று தெற்கே உயர் நீதிமன்றத்தைப் பார்த்தால் பழைய கறுப்பர் பட்டணம் இருந்த இடம். பிறகு பிரகாசம் சாலை வழியாக வடக்கே நடங்கள். வலக்கைப் பக்கம் முத்தியால்பேட்டை, இடக்கைப் பக்கம் பெத்தநாயக்கன்பேட்டை. இடங்கையார் வலப்பக்கம், வலங்கையார் இடப்பக்கம், குழம்பாதீர்கள். சாலை முடிகிற பக்கத்தில் பழைய ஜெயில் ரோடு வரும். அங்கே கறுப்பர் பட்டணத்து மதிலின் ஒரு துண்டு, தலையில் பூங்காவைச் சுமந்துகொண்டு நிற்கிறது. மாடிப் பூங்கா என்று கேளுங்கள். டேப் கொண்டு போங்கள். மதிலின் கனத்தை மேலேயும் கீழேயும் அளந்து, குறுக்குவெட்டுப் படம் ஒன்று போட்டு அனுப்பினால் அடுத்த இதழில் வெளியிடுகிறேன்.